அநாதைப் பொதிகள்

ரோஸ்டோக்
9 பிப்ரவரி 2003

டோர்பென்,

இதைத் தாளில் எழுதுகிறேன். தாளில் ‘அனைவருக்கும் பதில்’ என்ற பொத்தான் கிடையாது. உனக்கு மட்டும் என்று நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு, நம் கீபிட்ஸ் திறந்த மென்பொருள் திட்டத்தின் அஞ்சல் குழு முழுவதும் படிக்கும்படி எத்தனை முறை பதில் போட்டிருக்கிறாய்! என் அம்மாவின் அறுவை சிகிச்சை பற்றி எழுதியதற்குக்கூட அப்படித்தான். பெர்னிலிருந்து முகம் தெரியாத யாரோ அம்மா சீக்கிரம் குணமடைய வேண்டும் என்று எழுதியிருந்தார். அம்மாவிடம் சொன்னேன். “யாருடி அது?” என்றாள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் நீ தெரியாதவன்போல நடந்துகொள்கிறாய்.

நவம்பரில் நம் விவாகரத்து முடிந்தது. ஜனவரியில் பதிவு அலுவலகத்துக்குப் போய் என் பிறந்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இனி நான் வீப்கே லூடெக்கே இல்லை, வீப்கே ஹார்ம்ஸ். கீபிட்ஸிலும் பெயரை மாற்றித் தரும்படி, அங்கே ஆட்கள் பதிவைப் பார்த்துக்கொள்ளும் ஆன்ஸ்காரைக் கேட்டேன். அவன் பாவம், நல்லெண்ணத்தில், டைரக்டரியில், கிளை கிளையாக நீ கட்டிய அந்தத் தகவல் மரத்தில், ‘ஆட்கள்’ கிளைக்குப் போய் என் பதிவின் பெயரை மாற்றினான். ஆனால் அச்சு வேலைக்கான பொதிகள், எழுத்துருக்கள், பிரிண்டரை இயக்கும் ஓட்டிகள் என்று எட்டு வருடமாக நான் கட்டி, திருத்தி, வெளியிட்டு வந்த மென்பொருள் பொதிகள் எல்லாவற்றிலும் ‘பொறுப்பாளர்: வீப்கே லூடெக்கே’ என்றுதான் இருந்தது. அந்தப் பெயரில் அங்கே இப்போது யாரும் இல்லை. விடியற்காலையில் ஓடும் துப்புரவு நிரல் தேடிப் பார்த்தது. ஆளைக் காணோம். எல்லாப் பொதிகளுக்கும் ‘அநாதை’ என்று முத்திரை குத்தியது. அநாதைப் பொதி கிளைத் தலைவரிடம் போய்ச் சேரும் என்பது நம் விதி. கிளைத் தலைவர் நீ.

ஒரே விடியலில் என் எட்டு வருடமும் டோர்பென் லூடெக்கேயின் பெயருக்குப் போய்விட்டது.

இங்கே பல்கலைக்கழகக் கணினி மையத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நிரந்தர வேலை. எனக்கு நாற்பத்து மூன்று வயது. முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டதே கீபிட்ஸுக்காகத்தான். நான் என்ன செய்தேன் என்பதற்கு அந்தப் பொதிப் பட்டியலைத் தவிர என்னிடம் வேறு சான்று இல்லை. அங்கிருந்து டாக்டர் மெர்ட்டென்ஸ் என்ற அம்மாள் தொலைபேசியில் கேட்டார்: “உங்க பேரைப் போட்டுத் தேடிப் பாத்தோம், ஃப்ராவ் ஹார்ம்ஸ். ஒண்ணுமே வரலையே?”

ஆன்ஸ்காரால் இதைத் திருத்த முடியாது. பொதிக் கிளையில் எழுதும் உரிமை உனக்கு மட்டும்தான் இருக்கிறது. அதோடு, தத்துப் போன பொதி திரும்பக் கை மாற வேண்டுமானால், வைத்திருப்பவர் குழுவில் ‘விட்டுக்கொடுக்கிறேன்’ என்று ஒரு வரி எழுத வேண்டும். இத்தனை வருடத்தில் நீ குழுவில் எழுதாத விஷயமே இல்லை. இந்த ஒரு வரியையும் எழுது. மே மாத வெளியீட்டுக் குறுந்தகடு அச்சாகும் முன்பு எழுது.

வீப்கே ஹார்ம்ஸ்


கோட்டிங்கன்
17 பிப்ரவரி

வீப்,

கடிதம்! உறை, அஞ்சல்தலை, எச்சில் எல்லாவற்றோடும்! கீழ் வீட்டு ஷ்ட்ராக் கையில் கொண்டுவந்து கொடுத்தார். “வக்கீல் கடுதாசியா, ஹெர் லூடெக்கே?” “இல்ல, அதவிட மோசம்,” என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ என்னமோ நான் திருடிவிட்டதுபோல எழுதுகிறாய். நான் எதையும் எடுக்கவில்லை. விதி எடுத்தது. அந்த விதியை எழுதும்போது நீயும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். எடுக்காத ஒன்றை நான் எப்படி ‘விட்டுக்கொடுக்கிறேன்’ என்று எழுதுவது? எழுதினால் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா?

தவிர, வெளியீட்டுக்காகப் பொதிக் கிளையை, இனி யாரும் மாற்றக் கூடாது என்று உறைய வைத்தாயிற்று. ஒவ்வொரு பொதியாகத் தொட்டு மாற்றும்போது நடுவில் இணைப்பு அறுந்தால் பாதி உன் பெயரிலும் பாதி என் பெயரிலும் நிற்கும். சொத்துப் பிரிவினை மாதிரி. அதைத்தான் ஒரு முறை பார்த்தோமே, போதாதா?

இதற்கு ஐந்து நிமிட வழி ஒன்று இருக்கிறது. பழைய பெயரில் ஒரு நிழல் பதிவு போட்டுத் தருகிறேன். டைரக்டரியில் நீ லூடெக்கேயாகவே இரு. வெளியே எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைத்துக்கொள். பொதிகள் எல்லாம் அப்படியே உன்னிடம் திரும்பி வந்துவிடும். ஒரு வரியும் யாரும் எழுத வேண்டாம். உள்ளே இருக்கும் பெயரை யார் பார்க்கப் போகிறார்கள்?

மரத்தைப் பழிக்காதே. நம் பொதித் தகவலை ஒரு நாளில் எழுதுகிறவர்கள் பத்துப் பேர், படிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். எத்தனை பல்கலைக்கழகங்களில் நம் பிரதி இருக்கிறது! கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறது, எங்கே கேட்டாலும் ஒரே பதில். இதற்காகவே பிறந்தது டைரக்டரி. இந்த எட்டு வருடத்தில் அது ஒரு நாள் படுத்திருக்கிறதா?

ரோஸ்டோக்கில் குளிர் எப்படி? கம்பளிக் காலுறைகளை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

டோ.


ரோஸ்டோக்
2 மார்ச்

டோர்பென்,

காலுறைகளை யாருக்காவது கொடுத்துவிடு.

ஒரு நாள்கூடப் படுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். படுக்கவில்லைதான். நின்றுகொண்டே பொய் சொல்லியிருக்கிறது. எங்கே கேட்டாலும் ஒரே பதில் என்கிறாயே, இப்போது எங்கே கேட்டாலும் அந்த ஒரே பொய்தான் வருகிறது.

உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை, எனக்கு இருக்கிறது. நம் பழைய வீட்டுச் சமையலறை. கல்யாணம் ஆகி ஒரு மாதம் இருக்கும். அடுப்பில் பருப்பு சூப். நீ தாளில் மரத்தை வரைந்துகொண்டிருந்தாய்: மேலே கீபிட்ஸ், கீழே ஆட்கள் ஒரு கிளை, பொதிகள் ஒரு கிளை. ஒவ்வொரு ஆளையும் அவரவர் பெயராலேயே குறித்தாய்.

“பேரை அடையாளமா வைக்காத டோர்பென். ஆளுக்கு ஒரு நம்பர் குடு, பேரை அதுக்குப் பக்கத்துல எழுதிக்கோ. பேரு மாறும்,” என்றேன்.

“யாருக்கு மாறும்?”

“எனக்கே போன மாசந்தான மாறுச்சு.”

நீ சிரித்தாய். “அதான் மாறிடுச்சே. இனிமே எங்க மாறப் போவுது?”

நானும் சிரித்தேன். சூப் பொங்கி வழிந்தது, பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் சிரிப்பின் மேல்தான் நீ மரத்தை நட்டாய். அதனால் உன் நிழல் பதிவு எனக்கு வேண்டாம். உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர் என்று எட்டு வருடம் இருந்து பார்த்தாயிற்று.

இன்னொன்றும் சொல்கிறேன், இது நம்மைப் பற்றியது இல்லை, அல்லது இல்லை என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் பொதிகள் மரமே இல்லை. ஒரு எழுத்துரு பத்துப் பொதிகளுக்கு வேண்டியிருக்கும். அந்தப் பத்தும் வேறு நாற்பதை நம்பியிருக்கும். உன் மரத்தில் எந்தப் பதிவுக்கும் மேலே ஒன்றுதான் இருக்க முடியும். இந்தப் பொதியை எடுத்தால் எவையெல்லாம் விழும் என்று மரத்தைக் கேட்டால், அது கிளை கிளையாக ஏறி இறங்கி, கடைசியில் நாம் கையால்தான் சேர்த்துப் பார்க்கிறோம். மரத்துக்குப் பதில் டேட்டாபேஸ் இருந்தால், இரண்டு அட்டவணைகளைச் சேர்த்து ஒரே கேள்வியில் கேட்டுவிடலாம். ஆளுக்கு எண். பெயர் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம், மாறினால் ஒரே இடத்தில் மாறும். பொதிகள் பெயரைப் பார்க்காது, எண்ணைப் பார்க்கும். பல மாற்றங்களை ஒரே கட்டாகச் செய்யலாம்: எல்லாம் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது. நீ பயப்படும் பாதிப்பாதி அங்கே கிடையாது. பொதிகளை வைத்திருக்கும் ஆளை நீக்க முயன்றால் முடியாது என்று மறுத்தும்விடும். யாரையாவது அநாதையாக்கும் முன்பு அது ஒரு முறையாவது கேட்கும், டோர்பென்.

இதைக் குழுவில் முறைப்படி முன்மொழியப் போகிறேன். ஆனால் அது நீண்ட வேலை. நீ எழுத வேண்டியது ஒரு வரி.

உறையில் ‘லூடெக்கே’ என்று எழுதியிருந்தாய். தபால் பெட்டியில் இதுவரை இரண்டு பெயரையும் ஒட்டியிருந்தேன். தபால்காரர் கேட்டார், “ரெண்டு பேரா குடியிருக்கீங்க?” இன்று ஒன்றைச் சுரண்டி எடுத்துவிட்டேன். இனி ஹார்ம்ஸ் என்று எழுதினால்தான் எனக்கு வந்து சேரும். இங்கே வீட்டுக் கதவில் எண் கிடையாது, பெயர்தான்.

வீப்கே


கோட்டிங்கன்
11 மார்ச்

வீப்,

பார், ஹார்ம்ஸ் என்றே எழுதியிருக்கிறேன். கை கூசியது.

உன் கடிதம் அருமை. உண்மையாகத்தான் சொல்கிறேன். மரத்துக்கு எதிராக இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் வாதாடியதில்லை. நீ தனியாக முன்மொழிந்து அல்லாட வேண்டாம் என்று நானே உட்கார்ந்து உன் கடிதத்தின் இரண்டு பக்கத்தையும் தட்டச்சு செய்து குழுவுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு காற்புள்ளிகூட விடவில்லை. கீழே என் பதிலையும் சேர்த்திருக்கிறேன். திறந்த விவாதம்! கீபிட்ஸை நாம் ஆரம்பித்ததே அதற்குத்தானே? மூடிய அறையில் முடிவெடுப்பவர்கள் கம்பெனிக்காரர்கள் என்று மேடையில் சொன்னவள் நீ.

பெரிய வரவேற்பு. ஒரே நாளில் எழுபது பதில்கள். ஆன்ஸ்கார் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“டேய், அந்த சூப் விஷயத்தையாவது வெட்டியிருக்கலாம்லடா.”

“ஏன், அதுதான வரலாறு?”

“உனக்கு வரலாறு. அவளுக்கு?”

அவன் எப்போதும் உன் பக்கம். சூப்பைப் பற்றித்தான் பாதிப்பேர் எழுதுகிறார்கள், அதற்கு நான் என்ன செய்ய? ‘சூப் வழிந்தால் மரம் சாயும்’ என்று ஒருவன் தன் மின்னஞ்சல்களின் அடியில் கையெழுத்து வரியாகவே வைத்துக்கொண்டிருக்கிறான். சிரிப்பு வந்தது, நீயும் சிரித்திருப்பாய்.

வாக்கெடுப்பு மாத முடிவில். நான் மரத்துக்குத்தான் போடுவேன், முன்பே சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன டேட்டாபேஸ் தகராறுக்காக உலகம் முழுவதும் இருக்கும் பிரதிகளை எல்லாம் நிறுத்தச் சொல்கிறாய். அட்டவணையைப் பிரதி எடுத்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வைத்திருப்பது எவ்வளவு தலைவலி என்று உனக்கே தெரியும். டைரக்டரிக்கு அது மூச்சு விடுகிற மாதிரி.

அந்த ஒரு வரியைப் பற்றி: வாக்கெடுப்பு முடியட்டும். இப்போது எழுதினால் தோற்றுவிட்டதுபோல இருக்கும்.

டோ.


ரோஸ்டோக்
20 மார்ச்

டோர்பென்,

தாளில் எழுதினால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். அதில் பொத்தான் இல்லை என்று நீ உட்கார்ந்து ஒரு பொத்தான் செய்திருக்கிறாய். எவ்வளவு நேரம் ஆனது? அந்த நேரத்தில் ஒரு வரியை எத்தனை முறை எழுதியிருக்கலாம்!

நேற்று டாக்டர் மெர்ட்டென்ஸ் செய்ததையே நானும் செய்து பார்த்தேன். ‘வீப்கே ஹார்ம்ஸ்’ என்று தேடினேன். இப்போது ஒன்றுமே வராமல் இல்லை. முதலில் வருவது அந்தக் கடிதம்தான். சுரண்டி எடுத்த பெயர், காலுறை, எட்டு வருடம், எல்லாம் இருக்கிறது. இந்தப் பெயரில் உலகத்துக்கு என்னைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயம், நான் முன்னாள் கணவனிடம் என் வேலையைத் திருப்பிக் கேட்டேன் என்பது.

காலையில் ரொட்டிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் இரண்டு மாணவர்கள் கீபிட்ஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சொன்னான், “அந்த லூடெக்கே ஆளு பிரிண்டர் விஷயத்துல பெரிய கில்லாடிடா.” நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் முறை வந்தது. என்ன வேண்டும் என்று கடைக்காரப் பெண் இரண்டு முறை கேட்டாள்.

நீ பிரிண்டர் ஓட்டியில் ஒரு வரிகூட எழுதியதில்லை. வீட்டுப் பிரிண்டரில் தாள் சிக்கினால் என்னைத்தான் கூப்பிடுவாய்.

திறந்த விவாதம் என்கிறாய். எது திறந்திருக்க வேண்டும் என்பதை எப்போதும் நீதான் முடிவு செய்திருக்கிறாய். என் அம்மாவின் கட்டி திறந்திருக்கலாம், என் சமையலறை திறந்திருக்கலாம். ‘இவை வீப்கேயின் பொதிகள்’ என்ற வரி மட்டும் உனக்குள் பூட்டி இருக்கிறது.

நேர்காணல் ஏப்ரல் கடைசி வாரம்.

வீ. ஹார்ம்ஸ்


கோட்டிங்கன்
4 ஏப்ரல்

வீப்கே,

வாழ்த்துகள். முடிவு உனக்கு முன்பே தெரிந்திருக்கும். டேட்டாபேஸ் ஜெயித்தது, அதிக வித்தியாசத்தில். ஆன்ஸ்கார் கூட்டத்தில் பீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். நான் என் கோப்பையைத் தூக்கவில்லை, அதில் தேநீர் இருந்தது.

மரத்தை முழுதாகத் தெரிந்தவன் நான் மட்டும் என்பதால் இடமாற்றும் வேலையை என் தலையிலேயே கட்டினார்கள். குழியையும் நானே வெட்ட வேண்டும். இந்த வாரம் முழுக்க அதைத்தான் செய்தேன். நேர்மையாகச் செய்தேன், நீ வரி வரியாகச் சரிபார்த்துக்கொள்ளலாம். நீ கேட்டபடியே ஆளுக்கு ஓர் எண். மரத்தில் பதிவு கிடந்த வரிசையில் எண் விழுந்தது. முதலில் நான், எனவே ஒன்று. உன் பதிவு ஜனவரியில்தான் புதுப் பெயருக்கு மாறியது, கடைசியில் போய் நின்றது. உன் எண் 214.

அச்சுப் பொதிகளில் பொறுப்பாளர் கட்டத்தில் 1 என்று இருக்கிறது. மரத்தில் அன்றைக்கு என்ன இருந்ததோ அதைத்தான் எடுத்து வைக்க முடியும். மரத்துக்கு நேற்று என்பது கிடையாது, வீப். ஒரு கட்டத்தில் புது மதிப்பு வந்தால் பழையது போனது போனதுதான். எனக்கு முன்பு அங்கே யார் இருந்தார்கள் என்று எந்த நிரலாலும் சொல்ல முடியாது. நீ வேண்டும் என்று கேட்ட டேட்டாபேஸும் அதைச் சொல்லாது. பொதிக்குள்ளே இருக்கும் மாற்றக் குறிப்புகளில் பழைய கையொப்பங்கள் இருக்கும், ஆனால் அதில் ‘வீ. லூடெக்கே’ என்றுதான் இருக்கும்.

விதி பழைய விதிதான். 1 விட்டுக்கொடுத்தால் 214க்கு வரும்.

அதைப் பற்றி யோசிக்கிறேன். இப்போதைக்குக் கொஞ்சம் களைப்பாக இருக்கிறது. மரம் ஓடிய கணினியை நிறுத்தியதும் அறை என்னமோ போலிருந்தது. அதன் சத்தம் இவ்வளவு நாள் காதில் விழுந்துகொண்டிருந்ததே தெரியவில்லை.

டோர்பென்


ரோஸ்டோக்
25 ஏப்ரல்

டோர்பென்,

நேற்று நேர்காணல். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கடைசி முறையாக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதையும் நீ தட்டச்சு செய்யலாம்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். டாக்டர் மெர்ட்டென்ஸ் நடுவில். கெட்டவர் இல்லை, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறவர். அவர்களும் தங்கள் பயனர் விவரங்களை டைரக்டரியில் வைப்பதா டேட்டாபேஸில் வைப்பதா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றாகப் பேசினேன் என்றே நினைக்கிறேன். நிறையப் படிக்கவும் கொஞ்சம் எழுதவும் என்றால் மரம் போதும், யார் யாரோடு கட்டுண்டிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருந்தால் அட்டவணை வேண்டும், எதுவானாலும் பெயரை அடையாளமாக வைக்காதீர்கள் என்றேன். உன் மரத்தைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. பிரதி எடுப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை என்றுகூடச் சொன்னேன். மூன்று பேரும் குறித்துக்கொண்டார்கள்.

பிறகு ஓரத்தில் இருந்த மனிதர் ஒரு தாளைத் திருப்பினார்.

“அச்சுப் பொதியெல்லாம் நீங்க செஞ்சதுன்னு போட்டிருக்கீங்க. பட்டியல்ல லூடெக்கேனு இருக்கே?”

“அது டோர்பென் லூடெக்கே. உள்ள மாற்றக் குறிப்புல இருக்கற வீ. லூடெக்கே நான்.”

“வீ. லூடெக்கேங்கறது... அவரோட சொந்தக்காரரா?”

“நான்தாங்க அது. அப்ப என் பேரு அது.”

“ஓ. அப்ப கணவன் மனைவி சேந்து செஞ்சதா?”

“இல்ல. நான் செஞ்சது.”

அவர் மெர்ட்டென்ஸைப் பார்த்தார். மெர்ட்டென்ஸ் மேசையைப் பார்த்தார். அந்தக் கடிதத்தை அவர்கள் படித்திருந்தார்கள் என்று அந்த ஒரு பார்வையில் தெரிந்தது.

எல்லோரும் போனபின் மெர்ட்டென்ஸ் வாசல்வரை வந்தார். “எனக்கு உங்க மேல சந்தேகம் இல்ல, ஃப்ராவ் ஹார்ம்ஸ். ஆனா கமிட்டில நான் ஒருத்திதான். அவரு பொதுவுல ஒரு வரி எழுதட்டும். இந்த வேலை இவங்களோடதுனு. மே ஒன்பதுக்குள்ள. அது போதும் எனக்கு.”

“நானே எழுதினா?”

“நீங்க ஏற்கெனவே எழுதிட்டீங்களே,” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது.

டிராமுக்கு நிற்காமல் துறைமுகம் வரை நடந்தேன். வழியில் மீன் ரொட்டி வாங்கினேன், ஒரு கடல்புறா வந்து கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நிறுத்த முடியாமல் வேறு ஏதோ ஆகிவிட்டது.

உன்னிடம் கேட்பது இதுதான். இத்தனை வருடமாக எனக்கு மட்டும் என்று நீ எதையுமே எழுதியதில்லை. எல்லாவற்றையும் எல்லோருக்கும் எழுதினாய். அந்தப் பழக்கத்தை நான் வெறுத்தேன். இந்த ஒரு முறை அதே பழக்கத்தோடு எழுது. ‘அச்சுப் பொதிகள் வீப்கே ஹார்ம்ஸின் வேலை. விட்டுக்கொடுக்கிறேன்.’ அனைவருக்கும் அனுப்பு.

வீப்கே


கோட்டிங்கன்
3 மே

அன்புள்ள வீப்,

உன் கடிதத்தைத் தட்டச்சு செய்யவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை. உன்னோடு மட்டும் பேச வேண்டும் என்று இன்றைக்குத்தான் தோன்றியது, சிரிக்காதே.

அந்தப் பொதிகள் உன்னுடையவை. ஒன்று விடாமல். அச்சுக் கிளையில் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை, எழுதவும் தெரியாது. பழைய வீட்டின் பின்னறையில், மேசை விளக்கைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, பிரிண்டரின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு நீ உட்கார்ந்திருப்பது இப்போதும் எனக்குத் தெரிகிறது. மூக்கில் மை. கூப்பிட்டால் “வராத, கோவமா இருக்கு இது,” என்பாய். நீயா பிரிண்டரா என்று கேட்பேன். கீபிட்ஸில் உருப்படியான வேலை என்று ஏதாவது இருந்தால் அது உன்னுடையதுதான். இதை நான் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன். இப்போது சொல்கிறேன்.

ஆனால் இதைக் குழுவில் எழுத வேண்டுமா? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆன்ஸ்காருக்குத் தெரியும். தெரிய வேண்டியவர்களுக்கு எல்லாம் தெரியும். மரமும் போயிற்று. வாக்கெடுப்பில் தோற்ற பிறகு எல்லோர் முன்பும் எழுந்து நின்று இதையும் சொன்னால், இத்தனை நாள் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தேன், இல்லை. நம் இருவருக்குள் இருக்க வேண்டியது சில இருக்கிறது, நீயே அப்படித்தானே எப்போதும் சொல்வாய்? இந்த ஒரு விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி.

இந்தக் கடிதத்தை உன்னிடமே வைத்துக்கொள். குழுவுக்கு அனுப்பாதே, தயவுசெய்து.

உன் காலுறைகளை யாருக்கும் கொடுக்கவில்லை.

டோர்பென்


கோட்டிங்கன்
14 மே

வீப்கே,

இத்தோடு இருக்கும் கடிதம் நேற்று எனக்கே திரும்பி வந்துவிட்டது. ‘பெறுநரைக் கண்டறிய இயலவில்லை’ என்று முத்திரை. பார்த்தால், உறையில் வீப்கே லூடெக்கே என்று எழுதியிருக்கிறேன். நீ சொல்லியும். எப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. கடிதத்தை எழுதிவிட்டு உன்னை நினைத்துக்கொண்டே உறையை எடுத்தேன், கை தானாக எழுதிவிட்டது.

அப்படியே வேறு உறையில் போட்டு அனுப்புகிறேன். உன் வேலை என்ன ஆயிற்று?

டோ.


ரோஸ்டோக்
19 மே

டோர்பென்,

உன் இரண்டு கடிதங்களும் சேர்ந்தே வந்தன.

டாக்டர் மெர்ட்டென்ஸ் பன்னிரண்டாம் தேதி கூப்பிட்டார். “ஒரு வரிகூடவா வரல?” என்று கேட்டார். இல்லை என்றேன். கீல் நகரத்திலிருந்து ஓர் ஆள் வருகிறாராம். “நல்லவரு. ஆனா உங்கள மாதிரி தெரிஞ்சவரு இல்ல.” நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பொதுவில் ஒரு வரி வேண்டும் என்றுதான் அவர் கேட்டார். உன் கடிதம் சரியான பெயரில் சரியான நாளில் வந்திருந்தாலும் அது அந்த வரி இல்லை. எனவே தபாலைக் குறை சொல்ல மாட்டேன். வெளியீட்டுக் குறுந்தகடும் போன வாரம் வந்துவிட்டது. அச்சுப் பொதிகள், பொறுப்பாளர்: டோர்பென் லூடெக்கே. எழுத்துருக்கள் நன்றாக விழுந்திருக்கின்றன.

முதல் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எட்டு வருடம் நான் காத்திருந்தது இப்படி ஒரு கடிதத்துக்குத்தான். மூக்கில் மை என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. எனக்கு மட்டும் என்று நீ எழுதிய முதல் கடிதம் இது. அதற்காக நீ தேர்ந்தெடுத்த விஷயம், எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருந்த ஒரே விஷயம்.

நானும் உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்தேன். முழுவதும். ஒரு காற்புள்ளிகூட விடவில்லை. குழுவின் முகவரியையும் இட்டேன். தயவுசெய்து என்று நீ எழுதியிருந்ததைத் தட்டச்சு செய்யும்போது விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் சேர்த்தேன். அனுப்பவில்லை. உன்மேல் இரக்கப்பட்டு அல்ல. அனுப்பினால் மீண்டும் எல்லோரும் மூக்கு மையைப் பற்றியும் காலுறையைப் பற்றியும்தான் பேசுவார்கள். அந்தப் பொதிகள் என்னுடையவை என்பது, நீ எனக்கு எழுதிய காதல் கடிதத்தில் ஒரு வரியாகத்தான் உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்றால், தெரிய வேண்டாம்.

உன் கடிதத்தை முத்திரை விழுந்த பழைய உறையிலேயே வைத்து இத்தோடு திருப்பி அனுப்புகிறேன். தபால்காரர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். பெட்டியில் அந்தப் பெயர் இல்லை, அதனால் கொடுக்கவில்லை. நீ இதை அவளுக்கு எழுதினாய். அவள் இங்கே குடியிருக்கவில்லை.

214